பூட்ஸ்டிராப் நம்பிக்கை இடைவெளி: பொத்தானை அழுத்தியதும் கணினிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு வேலையைச் செய்து முடிக்கப் பத்துப் பேர் எடுத்துக்கொண்ட நேரம், நிமிடக் கணக்கில், இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 3, 4, 4, 5, 6, 7, 8, 11, 19, 33. மொத்தம் 100 நிமிடம். சராசரி 10 நிமிடம். கணக்கு அத்தோடு முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் இந்தப் பத்துப் பேர் எந்தப் பெருந்திரளிலிருந்து வந்தார்களோ, அந்தத் திரளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நாம் அளக்கவே தொடங்கினோம். அந்தத் திரளை முழுமைத்தொகுதி என்றும், கையில் உள்ள பத்து எண்களை மாதிரி என்றும் புள்ளியியல் அழைக்கிறது. வேறு பத்துப் பேர் வந்திருந்தால் சராசரி 8 ஆகியிருக்கலாம், 14 ஆகவும் ஆகியிருக்கலாம். எனவே 10 என்ற விடையோடு 'இவ்வளவு முன்பின் இருக்கலாம்' என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான விடையாகும்.

அந்த முன்பின்னைச் சொல்லும் வழிகளில் ஒன்று நம்பிக்கை இடைவெளி. 1937இல் ஜெர்சி நெய்மன் இதற்கு முறையான கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி என்பதன் பொருளைத் தொடக்கத்திலேயே சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரே முறையில் திரும்பத் திரும்பப் புது மாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளியைக் கட்டிக்கொண்டே போனால், அந்த இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 உண்மையான மதிப்பைத் தமக்குள் அடக்கியிருக்கும். 95 என்ற எண் நாம் கையாளும் முறைக்கு உரியது. கையில் உள்ள ஒற்றை இடைவெளி உண்மையைப் பிடித்திருக்கும், அல்லது தவறவிட்டிருக்கும். எது நடந்தது என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

சராசரிக்கு இந்த இடைவெளியைக் காணப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கம், நம் பத்து எண்களுக்கு 9.35. அதை 10இன் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரி மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டும் திட்டப் பிழை 2.96 என்று வரும். டி-அட்டவணையிலிருந்து 2.26 என்ற எண்ணை எடுத்து அதனால் பெருக்கி, சராசரியின் இருபுறமும் வைத்தால் இடைவெளி 3.3 முதல் 16.7 வரை அமைகிறது. இந்த விடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் 3.3 நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, முழுமைத்தொகுதியின் சராசரியே 3.3 ஆக இருக்கலாம் என்று சூத்திரம் சொல்வதை மனம் ஏற்பதில்லை. தரவு வலப்பக்கம் நீண்டு கோணலாகக் கிடக்கிறது. சூத்திரமோ இருபுறமும் ஒரே நீளத்தில்தான் கை நீட்டும். மாதிரி பெரிதாக இருந்தால் இந்தக் கோணல் பெரிதாகப் பாதிக்காது. பத்தே எண்கள் இருக்கும்போது பாதிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 33 என்ற ஒற்றை எண் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது என்பதால் இடைநிலை அளவைத் தெரிவிக்கலாம் என்று நினைக்கிறோம். வரிசையின் நடுவே நிற்கும் 6, 7 ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட 6.5தான் அது. இதன் திட்டப் பிழைக்கு ஒரு சூத்திரம் உண்டு என்றாலும், முழுமைத்தொகுதியின் பரவல் அந்த நடுப்புள்ளியில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். அது நமக்குத் தெரியாத ஒன்று. இரண்டு குழுக்களின் இடைநிலை அளவுகளுக்கு உள்ள விகிதம், இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு, நாமே நமது தேவைக்கு உருவாக்கிய ஏதோ ஒரு குறியீட்டெண் என்று மேலே போகப் போக, சூத்திரங்கள் கைகொடுப்பது குறைந்துகொண்டே வரும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட்லி எஃப்ரான் 1979இல் வெளியிட்ட பூட்ஸ்டிராப் முறை இந்தக் குறையைத்தான் நிரப்பியது. தரவில் ஒவ்வோர் எண்ணாக விட்டுவிட்டு மீதியைக் கொண்டு கணக்கிடும் ஜாக்நைஃப் என்ற முறை அதற்கு முன்பே இருந்தது. அதை வேறு கோணத்தில் பார்க்கப்போய்த்தான் எஃப்ரான் இதைக் கண்டார். பூட்ஸ் காலணியை இழுத்து மாட்டுவதற்காக அதன் விளிம்பில் தைத்திருக்கும் வாருக்குப் பூட்ஸ்டிராப் என்று பெயர். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் ஒருவனைப் பற்றிய கற்பனையிலிருந்து முறைக்கு இந்தப் பெயர் வந்தது: வெளியிலிருந்து எதையும் வாங்காமல், கையில் உள்ள தரவைக் கொண்டே அந்தத் தரவு தரும் விடையின் உறுதியை அளந்துபார்ப்பது.

கையால் இரண்டு மறுமாதிரிகள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒருமுறையாவது இதைக் கையால் செய்து பார்க்கும்படி நான் வற்புறுத்திச் சொல்வேன். பத்துச் சீட்டுகளில் 1 முதல் 10 வரை எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். முதல் சீட்டு முதல் நபரை, அதாவது 3 நிமிடத்தைக் குறிக்கும். பத்தாம் சீட்டு 33 நிமிடத்தைக் குறிக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டை மறுபடியும் பெட்டியில் போட்டுக் குலுக்குங்கள். இப்படிப் பத்து முறை எடுக்க வேண்டும். சீட்டுகள் 7, 2, 2, 10, 5, 1, 8, 5, 4, 6 என்று வந்தன என்று கொண்டால், அவற்றுக்குரிய நேரங்கள் 8, 4, 4, 33, 6, 3, 11, 6, 5, 7 ஆகும். கூட்டுத்தொகை 87, சராசரி 8.7, இடைநிலை அளவு 6. இரண்டாம் நபரும் ஐந்தாம் நபரும் இரண்டிரண்டு முறை வந்திருக்கிறார்கள். மூன்றாம் நபரும் ஒன்பதாம் நபரும் வரவே இல்லை. இதுதான் ஒரு மறுமாதிரி.

இன்னொரு சுற்றில் 9, 10, 3, 10, 6, 1, 9, 4, 7, 10 என்று வந்தால் நேரங்கள் 19, 33, 4, 33, 7, 3, 19, 5, 8, 33. இப்போது சராசரி 16.4க்குத் தாவிவிடுகிறது, இடைநிலை அளவு 13.5. நீண்ட நேரம் எடுத்த ஒரே நபர் மூன்று முறை வந்துவிட்டதன் விளைவு இது. வேறு சுற்றுகளில் அவர் ஒருமுறைகூட வராமலும் போவார்: ஒரு குறிப்பிட்ட சீட்டு பத்து முறையும் தப்பிப்பதற்கான வாய்ப்பு 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் வரும் 0.35. மாதிரி பெரிதாகப் பெரிதாக இந்த வாய்ப்பு 0.368ஐ நெருங்கும். அதாவது எந்த மறுமாதிரியிலும் மூலத் தரவில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவையே இடம்பெறும். மீதி இடங்களைத் திரும்ப வந்தவை நிரப்பும்.

எடுத்த சீட்டைத் திருப்பி வைப்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. திருப்பி வைக்காமல் பத்தையும் எடுத்தால் கிடைப்பது அதே பத்து எண்கள், வேறு வரிசையில். சராசரி ஒவ்வொரு முறையும் 10 என்றே வரும். திருப்பி வைக்கும்போது, வரிசையையும் கணக்கில் கொண்டால், ஆயிரம் கோடி மறுமாதிரிகள் சாத்தியமாகின்றன. வரிசையை விட்டுவிட்டு, யார் எத்தனை முறை வந்தார் என்பதை மட்டும் பார்த்தால் 92,378. எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. கணினி அவற்றிலிருந்து சில ஆயிரங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஒவ்வொன்றின் சராசரியையும் குறித்துவைக்கிறது. அந்தச் சராசரிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதே நாம் தேடும் அளவு.

இது ஏன் செல்லுபடியாகிறது? முழுமைத்தொகுதியிலிருந்து மாதிரியை எடுத்தபோது தற்செயல் எப்படி விளையாடியதோ, அதே விளையாட்டை மாதிரியிலிருந்து மறுமாதிரியை எடுக்கும்போது மீண்டும் நடத்திப் பார்க்கிறோம். முழுமைத்தொகுதி கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாளாக மாதிரி நிற்கிறது. மாதிரிச் சராசரி உண்மையிலிருந்து எவ்வளவு விலகும் என்று நேரே பார்க்க முடியாத நிலையில், மறுமாதிரிச் சராசரி மாதிரிச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து அதை ஊகிக்கிறோம். இதில் தொடக்கநிலையினர் பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. மறுமாதிரிச் சராசரிகள் அனைத்தும் 10ஐச் சுற்றியே குவியும். உண்மையான சராசரி 12 என்றால் அதைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. பூட்ஸ்டிராப் சிதறலின் அகலத்தையும் வடிவத்தையும் சொல்லும். மாதிரியின் மையம் தவறான இடத்தில் இருந்தால் அதை நகர்த்தித் தராது. மறுமாதிரிகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரத்திலிருந்து பத்து லட்சமாக உயர்த்தினாலும் நம்மிடம் இருப்பது பத்துப் பேரின் நேரம் மட்டுமே.

மென்பொருளில் செய்வது

புள்ளியியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஆர் மொழியில் இதைத் தனித் தொகுப்பு (ஆயத்தமாக எழுதிவைத்த கட்டளைகளின் சேர்க்கை) எதுவும் இல்லாமலே செய்துவிடலாம். 'சாம்பிள்' என்ற கட்டளை சீட்டு எடுக்கும் வேலையைச் செய்கிறது; 'ரெப்ளிகேட்' அதைப் பத்தாயிரம் முறை திரும்பச் செய்விக்கிறது; 'குவான்டைல்' என்பதிடம் 0.025, 0.975 ஆகிய இரண்டு புள்ளிகளைக் கேட்டால், வரிசைப்படுத்திய பத்தாயிரம் சராசரிகளில் ஏறக்குறைய 250ஆம் இடத்திலும் 9,750ஆம் இடத்திலும் உள்ள எண்களைத் தருகிறது. அவைதான் இடைவெளியின் இரு முனைகள். ஆனால் 'சாம்பிள்' கட்டளை, நாம் சொல்லாவிட்டால், சீட்டைத் திருப்பி வைக்காது. 'ரீப்ளேஸ்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று மாற்றியே ஆக வேண்டும். இன்னொரு நிரல்மொழியான பைத்தானில் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒவ்வொரு வழக்கம்: நம்பையின் 'சாய்ஸ்' தானாகவே திருப்பி வைக்கும், பாண்டாஸின் 'சாம்பிள்' வைக்காது. ஓடி முடிந்ததும் திட்டப் பிழை பூச்சியம் என்றோ, இடைவெளியின் இரு முனைகளும் ஒரே எண் என்றோ வந்தால், முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் 'பூட்' தொகுப்பு இதைவிட ஒழுங்கானது; தொடங்கும் எவருக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன். அதற்கு மூன்று செய்திகளைக் கொடுக்க வேண்டும்: தரவு, நாம் காண விரும்பும் அளவைக் கணக்கிடும் சார்பு (உள்ளீட்டை வாங்கி விடையைத் திருப்பித் தரும் சிறு நிரல்), மறுமாதிரிகளின் எண்ணிக்கை. இதில் சார்பை எழுதும் விதம்தான் புதியவர்களைக் குழப்பும். அந்தச் சார்பு இரண்டு உள்ளீடுகளை வாங்க வேண்டும். முதலாவது தரவு, இரண்டாவது சுட்டெண்களின் பட்டியல். மேலே நாம் எடுத்த 7, 2, 2, 10 என்ற சீட்டு எண்கள்தான் அந்தப் பட்டியல். தொகுப்பு ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுகளை எடுத்து எண்களை மட்டும் நம் சார்பிடம் கொடுக்கிறது. அந்த எண்களுக்கு உரிய வரிசைகளைத் தரவிலிருந்து பிரித்தெடுத்து, அதன் மீது சராசரியைக் கணக்கிட வேண்டியது நம் பொறுப்பு. சுட்டெண்களை வாங்கிக்கொண்டு அவற்றைப் பயன்படுத்தாமல் முழுத் தரவின் சராசரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், எல்லாச் சுற்றிலும் 10 என்றே வரும். இடைவெளி கேட்கும்போது, எல்லா மதிப்புகளும் சமமாக இருப்பதால் கணக்கிட முடியாது என்று தொகுப்பு சொல்லிவிடும்.

சரியாக ஓடினால் மூன்று எண்கள் கொண்ட ஒரு சிறு அட்டவணை வரும். முதலாவது மூல மாதிரியின் மதிப்பு, இங்கே 10. இரண்டாவது பிறழ்ச்சி, அதாவது மறுமாதிரி மதிப்புகளின் சராசரிக்கும் மூல மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. சராசரியைப் பொறுத்தவரை இது பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். மூன்றாவது திட்டப் பிழை. நம் தரவுக்கு இது 2.80ஐ ஒட்டி வரும். சூத்திரம் 2.96 தந்தது நினைவிருக்கும். இந்தச் சிறு வேறுபாடு கணினியின் பிழை அன்று. சூத்திரம் வர்க்க விலக்கங்களின் கூட்டுத்தொகையை 9ஆல் வகுக்கிறது. பூட்ஸ்டிராப்போ மாதிரியையே முழுமைத்தொகுதியாக எடுத்துக்கொள்வதால் 10ஆல் வகுத்ததற்குச் சமமாகிவிடுகிறது. நூறு தரவுகள் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. பத்துத் தரவுகளில் இடைவெளியை ஐந்து விழுக்காடு அளவுக்குக் குறுக்கிவிடும்.

அடுத்து 'பூட்.சிஐ' என்ற கட்டளை இடைவெளிகளைத் தருகிறது. வகை எதையும் குறிப்பிடாமல் கேட்டால் அது பல இடைவெளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக மாறுபாட்டளவைக் கொடுத்தால்தான் கணக்கிடக்கூடிய ஸ்டூடண்டைஸ்டு வகையை மட்டும் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஒரே தரவுக்கு நான்கு விடைகளைப் பார்த்ததும் பலர் திகைத்து, தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியான வழக்கம் ஆகாது. எந்த வகையைப் பயன்படுத்துவது என்பதை விடையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு அவற்றின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

நார்மல் வகை, பூட்ஸ்டிராப் திட்டப் பிழையை எடுத்து 1.96ஆல் பெருக்கி இருபுறமும் வைப்பதோடு, பிறழ்ச்சியையும் கழித்துக்கொள்கிறது. தரவின் கோணல் இதில் தொலைந்துபோகும். பெர்சென்டைல் வகை நாம் மேலே பார்த்தது: வரிசைப்படுத்தி, இரு நுனியிலும் 2.5 விழுக்காட்டை வெட்டிவிடுவது. நம் தரவுக்கு இது 5.3ஐ ஒட்டித் தொடங்கி 16ஐ ஒட்டி முடிகிறது. 10இலிருந்து இடப்பக்கம் ஐந்துக்கும் குறைவு, வலப்பக்கம் ஆறு. தரவின் கோணலை இடைவெளியும் காட்டத் தொடங்கிவிட்டது. பேசிக் வகை இதே முனைகளைச் சராசரியின் மறுபக்கமாகப் புரட்டிப் போடுகிறது: 4க்கு அருகே தொடங்கி 15க்குச் சற்று முன்பே முடிகிறது. அதன் பின்னால் உள்ள தருக்கம் பிழையற்றதுதான் என்றாலும், வலப்பக்கம் நீண்ட தரவுக்கு இடப்பக்கம் நீண்ட இடைவெளியைத் தருவதால், இத்தகைய சிறிய, கோணலான மாதிரிகளுக்கு நான் இதை எடுப்பதில்லை.

'பயஸ்-கரெக்டட் அண்ட் ஆக்சிலரேட்டட்' என்பதைச் சுருக்கிப் பிசிஏ என்று அழைக்கப்படும் வகையை எஃப்ரான் 1987இல் முன்வைத்தார். பெர்சென்டைல் முறையின் வெட்டும் இடங்களை இது இரண்டு திருத்தங்களால் நகர்த்துகிறது. முதல் திருத்தம், மறுமாதிரி மதிப்புகளில் எத்தனை பங்கு மூல மதிப்புக்குக் கீழே விழுந்தன என்பதைப் பார்க்கிறது. சரிபாதியாக இருந்தால் திருத்தம் இல்லை, நம் தரவில் பாதிக்குச் சற்று மேல் விழுவதால் சிறு திருத்தம் உண்டு. இரண்டாவது முடுக்கம் எனப்படுவது. உண்மையான மதிப்பு மாறும்போது திட்டப் பிழையும் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை அது கணிக்கிறது. நம் தரவுக்கு இது 0.09. எண் சிறிதாகத் தெரிந்தாலும் விளைவு சிறிதன்று: 2.5 விழுக்காட்டில் வெட்ட வேண்டிய கீழ்முனை ஏறக்குறைய 6.5 விழுக்காட்டுக்கு நகர்கிறது, மேல்முனை 97.5இலிருந்து 99.5ஐ ஒட்டிச் செல்கிறது. விளைவாக இடைவெளி 6க்கு அருகே தொடங்கி 18க்கு அருகே முடிகிறது. சூத்திரம் தந்த 3.3 முதல் 16.7 வரை என்பதோடு இதை ஒப்பிட்டால், அகலத்தில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும், இடைவெளி முழுவதும் வலப்பக்கமாக இடம் மாறியிருப்பது தெரியும். 33 நிமிடம் எடுக்கக்கூடியவர்கள் முழுமைத்தொகுதியில் இன்னும் பலர் இருக்கலாம் என்ற நியாயமான ஐயத்தை இந்த இடைவெளி மதிக்கிறது. பொதுவாக நான் இதையே தேர்ந்துகொள்வேன்.

இடைநிலை அளவுக்கு வந்தால் நிலைமை வேறு. பத்து எண்களிலிருந்து எடுத்த மறுமாதிரியின் இடைநிலை அளவு ஒரு சில மதிப்புகளை மட்டுமே ஏற்க முடியும். வரைபடம் தொடர்ச்சியான மேடாக இல்லாமல், தனித்தனிக் கம்புகளாக நிற்கும். பெர்சென்டைல் இடைவெளி 4 முதல் 13.5 வரை வரும். அதே நிரலை மறுபடி ஓட்டினால் மேல்முனை சில சமயம் 13 என்று மாறிவிடும், ஏனெனில் 97.5 விழுக்காட்டுக் கோடு அந்த இரண்டு கம்புகளின் எல்லையை ஒட்டி விழுகிறது. ஆகவே இடைவெளியை அச்சிடுவதோடு நிற்காமல், எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்று காட்டும் ஹிஸ்டோகிராமை மறுமாதிரி மதிப்புகளுக்கு வரைந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே கட்டளைதான், ஆனால் இரண்டு எண்கள் மறைத்துவிடுவதை அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

பைத்தானில் சைபை நூலகத்தின் புள்ளியியல் பகுதியில் 2021இல் வெளியான 1.7 பதிப்பிலிருந்து 'பூட்ஸ்டிராப்' என்ற சார்பு இருக்கிறது. எதையும் மாற்றாவிட்டால் 9,999 மறுமாதிரிகளும், 95 விழுக்காடும், பிசிஏ முறையும் அதன் இயல்பான அமைப்புகள். தரவை நேரடியாகக் கொடுக்காமல் 'டியூப்பிள்' போன்ற ஒரு பட்டியலுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடுவதே இதில் அடிக்கடி நேரும் பிழை. ஸ்டேட்டா மென்பொருளில் 'பூட்ஸ்டிராப்' முன்னொட்டு தானாக எடுக்கும் மறுமாதிரிகள் 50 மட்டுமே. அது அச்சிடும் முதல் இடைவெளியும் நார்மல் வகையைச் சேர்ந்தது. திட்டப் பிழையைத் தோராயமாகப் பார்க்க 50 ஓரளவு உதவலாம். இரு நுனிகளில் வெட்டிக் கட்டும் இடைவெளிக்கு அது போதவே போதாது.

எத்தனை மறுமாதிரிகள் வேண்டும் என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. திட்டப் பிழைக்குச் சில நூறு போதும். இடைவெளியின் முனைகளோ வால்பகுதியின் அரிதான மதிப்புகளை நம்பியிருக்கின்றன. ஆயிரம் எடுத்தால் ஒவ்வொரு முனைக்கும் அப்பால் நிற்பவை வெறும் 25தான். பிசிஏ 99.5 விழுக்காடு வரை போகும்போது, ஆயிரத்தில் ஐந்தே மதிப்புகளை நம்பி முனையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். பத்தாயிரம் எடுப்பது இன்று ஒரு சில நொடிகளின் வேலை. ஆகவே தயங்க வேண்டியதில்லை. 1,000 என்று எழுதாமல் 999 என்றும், 10,000 என்று எழுதாமல் 9,999 என்றும் பலர் எழுதுவதைப் பார்க்கலாம். 999ஐ வரிசைப்படுத்தினால் 2.5, 97.5 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகச் சரியாக 25ஆம், 975ஆம் இடங்களில் விழும். இரண்டு எண்களுக்கு நடுவே ஊகிக்க வேண்டியதில்லை. ஆர் மொழியின் பூட் தொகுப்பில் பிசிஏ கேட்கும்போது மறுமாதிரிகளின் எண்ணிக்கை தரவுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடுக்கத்தைக் கணிக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி வரும். ஐயாயிரம் வரிசைகள் கொண்ட தரவுக்கு ஆயிரம் மறுமாதிரிகள் கேட்டவர்கள் இதைச் சந்தித்திருப்பார்கள். எண்ணிக்கையை உயர்த்தினால் சரியாகிவிடும். கணினியின் தற்செயல் தேர்வு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் 'சீட்' எண்ணை நிரலின் தொடக்கத்தில் அமைத்துவிட்டால் அதே விடையைப் பிறகும் பெறலாம். ஆனால் அந்த 'சீட்' எண்ணை மாற்றி மூன்று முறை ஓட்டிப் பார்த்து, முனைகள் நமக்குப் பொருட்படுத்தத்தக்க அளவு ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஒன்றை நிலைநிறுத்த வேண்டும்.

எதை எடுக்கிறோம் என்ற கேள்வி

மென்பொருள் தானாக முடிவு செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. என் பார்வையில் இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் அதில்தான் இருக்கின்றன. ஒரு சீட்டு எதைக் குறிக்க வேண்டும்? தரவு எப்படித் திரட்டப்பட்டதோ, அதே விதமாகக் கணினியும் சீட்டெடுக்க வேண்டும். 30 பேரிடம் ஆளுக்கு 20 முறை அளந்து 600 வரிசைகள் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். கணினி 600 சீட்டுகளைப் போட்டுக் குலுக்கும். ஒருவருடைய 20 அளவீடுகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பது அதற்குத் தெரியாது. கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகலாக, பார்க்க அழகாக இருக்கும். அது தவறாகவும் இருக்கும். தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். எனவே சீட்டுகள் 30. ஒருவரின் சீட்டு வந்தால் அவருடைய 20 அளவீடுகளும் ஒன்றாக வர வேண்டும்.

ஒட்டுறவைக் கணக்கிடும்போது இதே விதி வேறு உருவில் வருகிறது. உயரம், எடை என்ற இரு நெடுவரிசைகளையும் தனித்தனியாகக் குலுக்கினால் ஒருவரின் உயரம் மற்றவரின் எடையோடு சேர்ந்து, இருந்த தொடர்பே அறுந்துபோகும். சீட்டு முழு வரிசையையும் குறிக்க வேண்டும். சைபையில் இதற்கென 'பேர்டு' என்ற அமைப்பு உண்டு. மருந்து பெற்றவர் 40, பெறாதவர் 40 என்று முன்கூட்டியே திட்டமிட்டுப் பிரித்த ஆய்வில், இரண்டு குழுக்களையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு எடுக்க வேண்டும். பூட் தொகுப்பில் 'ஸ்ட்ரேட்டா' அமைப்பு அதைச் செய்கிறது. நாள்தோறும் பதிவான வெப்பநிலை போன்ற காலத்தொடர் தரவில் இன்றைய எண் நேற்றைய எண்ணைச் சார்ந்திருப்பதால், ஒற்றை நாள்களைக் குலுக்கினால் அந்தச் சங்கிலி துண்டாகிவிடும்; அடுத்தடுத்த நாள்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து எடுக்கும் பிளாக் பூட்ஸ்டிராப் அதற்காக உருவானது.

சீட்டுகளைச் சரியாகப் போட்டாலும் முறை பலிக்காத இடங்கள் உண்டு. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பெரும மதிப்பு. நம் தரவின் பெருமம் 33. எந்த மறுமாதிரியும் 33ஐத் தாண்ட முடியாது. அவற்றில் ஏறக்குறைய 65 விழுக்காட்டில் பெருமம் 33ஆகவே இருக்கும். முழுமைத்தொகுதியில் 50 நிமிடம் எடுப்பவர் இருக்கக்கூடும் என்பதை இந்தப் பெட்டியிலிருந்து எத்தனை முறை எடுத்தாலும் அறிய முடியாது. எனவே பெருமம், சிறுமம் ஆகியவற்றுக்கு இந்த எளிய வடிவத்தைப் பயன்படுத்தவே கூடாது. மாதிரியில் ஐந்தாறு எண்களே இருக்கும்போதும் அப்படித்தான். அத்தனை சிறிய பெட்டி முழுமைத்தொகுதிக்குப் பதிலாளாக நிற்க வலுவற்றது. 'சூத்திரம் சிறிய மாதிரிக்குப் பொருந்தாது, ஆகவே பூட்ஸ்டிராப் செய்கிறேன்' என்று சொல்பவர்களை அடிக்கடி காண்கிறேன். சூத்திரத்தின் நிபந்தனைகள் சிலவற்றிலிருந்து அது விடுவிக்கும் என்பது உண்மை. மாதிரி சிறிதாக இருப்பதன் தண்டனையிலிருந்து விடுவிக்காது.

முடிவை எழுதும்போது இரண்டு முனைகளை மட்டும் தராமல், எந்த மென்பொருள், அதன் எந்தப் பதிப்பு, எத்தனை மறுமாதிரிகள், எந்த வகை இடைவெளி, சீட்டு எதைக் குறித்தது ஆகியவற்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட வேண்டும். 'பூட்ஸ்டிராப் இடைவெளி 6 முதல் 18 வரை' என்று மட்டும் எழுதினால், படிப்பவரால் அதைச் சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இவ்வளவையும் படித்த பின் மென்பொருளில் செய்து பார்க்க ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். நம் தரவைப் போலவே வலப்பக்கம் நீண்டு கிடக்கும் அடுக்குக்குறிப் பரவலிலிருந்து, உண்மையான சராசரி 10 என்று நாமே நிர்ணயித்து, பத்து எண்களை உருவாக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்துக்குப் பெர்சென்டைல் இடைவெளி கட்டி, 10 அதற்குள் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை ஆயிரம் முறை திரும்பச் செய்து எண்ணிப் பார்த்தால், இடைவெளிக்குள் 10 அகப்பட்ட முறைகள் 950ஐ எட்டாமல் வெகு கீழே நிற்பதைக் காண்பீர்கள். பிறகு அதே நிரலில் மாதிரியின் அளவை மட்டும் 10இலிருந்து 30ஆகவும், 100ஆகவும், 300ஆகவும் மாற்றி ஓட்டுங்கள். அந்த எண்ணிக்கை 950ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகும்.